வண்டியை அளக்குமுன் ஆளை அளப்போம்

எமது மக்களின் வாழ்வில் துவிச்சக்கரவண்டி பெற்றுள்ள இடத்தை வேறெந்த வாகனமும் பெற்றதில்லை. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், வடக்கிற்கு எரிபொருள் செல்வது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும், விறகையும் நெல்லையும் சந்தைக்குக் கொண்டு சென்றதும் சைக்கிள்களே. அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், தமது ஏனைய உடைமைகளுடன் வண்டிகளையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீட்டிலிருந்த பொருள்களில் எடுத்துச் செல்ல முடிந்தவற்றைச் சுமந்து வந்ததும் சைக்கிள் கரியர்தான்.

பின்னர் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் பெருகின. துவிச்சக்கரவண்டி வீட்டின் பின்புறத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நிலைமையை மாற்றியது. அவ்வாண்டு ஜூன் மாதம் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டபோது, கொழும்பு முதல் காத்தான்குடி வரை, மன்னார் முதல் பருத்தித்துறை வரை மக்கள் மீண்டும் சைக்கிளைத் தேடினர். புதிய வண்டிகளின் விலை சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. பாவித்த வண்டிகளை நாடுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த நாட்கள் கடந்துவிட்ட போதிலும், பாவித்த சைக்கிள் வாங்கும் வழக்கம் எம்மிடையே தொடர்ந்தே வருகின்றது.

ஆயினும் பாவித்த வண்டியை வாங்கச் செல்பவர் எதனைப் பார்க்கின்றார்? விலையைக் கேட்கின்றார். ரயர் தேய்ந்துள்ளதா எனப் பார்க்கின்றார். மணியை அடித்துப் பார்க்கின்றார். பூச்சு மினுங்கினால் மகிழ்கின்றார். 'இந்த வண்டி இதனை ஓட்டப்போகும் ஆளுக்குப் பொருந்துமா?' என்ற கேள்வி மாத்திரம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அக்கேள்வியே முதலாவதாகக் கேட்கப்பட வேண்டியது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் கடையில் நாம் கண்ட காட்சி இது. ஆறாம் ஆண்டில் படிக்கும் மகளுக்கு வண்டி வாங்க ஒரு தந்தை வந்திருந்தார். கடைக்காரர் காட்டிய பாவித்த வண்டி தரமானது, விலையும் நியாயமானது. ஆனால் பிள்ளை அதில் ஏறி அமர்ந்தபோது, ஆசனம் முற்றாகத் தாழ்த்தப்பட்டிருந்தும் அவளது பெருவிரல் நுனி மாத்திரமே நிலத்தைத் தொட்டது. தந்தை தயங்கினார். "வளருற பிள்ளைதானே அண்ணை, ஒரு வருசத்திலை கால் எட்டியிடும்" என்றார் கடைக்காரர். தந்தையும் பணத்தைக் கொடுத்துவிட்டார். பிள்ளை வண்டியை உருட்டிக்கொண்டே வீதிக்குச் சென்றாள். அந்த ஒரு வருடத்தையும் அவள் பிரதான வீதியில், பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் நடுவே கழிக்க வேண்டும் என்பதை அவ்விடத்தில் எவரும் சிந்திக்கவில்லை.

இக்கடைக்காரர் தீய எண்ணத்துடன் கூறினார் என நாம் கருதவில்லை. எமது சமூகம் முழுவதும் நம்பும் ஒன்றையே அவரும் கூறினார். சட்டை, சப்பாத்து போன்று சைக்கிளையும் சற்றுப் பெரிதாக வாங்கி வைத்தால் நீண்ட காலம் உதவும் என்பதே அந்த நம்பிக்கை. பெரிய சட்டை பிள்ளையை வீழ்த்தாது. பெரிய சைக்கிள் வீழ்த்திவிடும்.

மாற்றக்கூடியதும் மாற்ற முடியாததும்

துவிச்சக்கரவண்டியில் ஏறத்தாழ எல்லாப் பாகங்களையும் மாற்றலாம். ரயர், ரியூப், செயின், பெடல், பிறேக், ஆசனம், ஹாண்டில் ஆகிய அனைத்தும் கடைகளில் கிடைக்கின்றன. பேச்சுவழக்கில் 'பிறேம்' எனப்படும் சட்டகம் ஒன்றே மாற்ற முடியாதது. சட்டகத்தை மாற்றுவதென்றால் வேறு வண்டி வாங்குவது என்றே பொருள். ஆகவே தேய்ந்த ரயரைக் காரணங்காட்டி நல்ல சட்டகத்தை ஒதுக்குவதும், புதிய ரயரைக் கண்டு பொருந்தாத சட்டகத்தை வாங்குவதும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும்.

பொருந்தாத சட்டகத்தால் விளையும் தீங்குகள் உடனே தெரிவதில்லை. வண்டி பெரிதாயின், நிறுத்தும்போது கால் நிலத்தில் உறுதியாகப் படாது. ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் வண்டியை ஒரு பக்கம் சரித்தே நிறுத்த வேண்டும். கரியரில் அரிசிப் பையோ மீன் பெட்டியோ, பின்னால் ஒரு குழந்தையோ இருக்கும்போது அந்தச் சரிவே விழுக்காடாக மாறுகின்றது. ஹாண்டில் எட்டாத தொலைவில் இருந்தால் முதுகும் கழுத்தும் மணிக்கட்டும் நோகும். வண்டி சிறிதாயின், மிதிக்கும்போது முழங்கால் அளவுக்கு மேல் மடங்கி, முழங்காற் சில்லின் மீது அழுத்தம் கூடுகின்றது. நாள்தோறும் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் மிதிக்கும் தொழிலாளிக்கு இது சிறிய விடயமன்று.

28, 26 என்பன எதன் அளவு?

எமது கடைகளில் சைக்கிளின் அளவு பற்றிக் கேட்டால் '28', '26', '24' என்றே விடை வரும். இவை சில்லின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண்கள். சட்டகத்தின் அளவுகள் அல்ல. ஒரே 26 அங்குலச் சில்லைக் கொண்டு சிறிய சட்டகத்தையும் செய்யலாம். பெரிய சட்டகத்தையும் செய்யலாம். ஆகவே '26 தான், எல்லாருக்கும் பொருந்தும்' என ஒருவர் கூறினால், அவர் உண்மையில் எதனையும் கூறவில்லை என்பதே பொருள்.

சட்டகத்தின் அளவு என்பது, பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஆசனக் கம்பி நுழையும் குழாயின் மேல் விளிம்பு வரையிலான நீளமாகும். ஓர் அளவு நாடாவினால் அரை நிமிடத்தில் இதனை அளந்துவிடலாம். பிரித்தானியர் காலம் முதல் எமது வீதிகளில் ஓடிய பார் வைத்த கறுப்பு வண்டிகளில் 22 அங்குலச் சட்டகமும் 24 அங்குலச் சட்டகமும் சாதாரணமானவை. 22 அங்குலம் என்பது ஏறத்தாழ 56 சென்ரிமீற்றர். 24 அங்குலம் என்பது ஏறத்தாழ 61 சென்ரிமீற்றர். புதிய மாதிரி வண்டிகளில் மேற்பார் சாய்ந்திருப்பதால், குழாய் குட்டையாக இருந்தாலும் வண்டி நீளமாக இருக்கலாம். அவற்றில் இந்த ஓர் அளவை மாத்திரம் நம்ப முடியாது. பின்னர் கூறப்படும் ஏனைய சோதனைகளையும் செய்தாக வேண்டும்.

முதலில் ஆளின் அளவு

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஓட்டப்போகும் ஆளின் உட்கால் உயரத்தை, அதாவது தொடைகள் சந்திக்கும் இடம் முதல் நிலம் வரையிலான உயரத்தை அளந்து குறித்துக்கொள்வதே அதுவாகும். உடலின் மொத்த உயரத்தை மாத்திரம் அறிந்தால் போதாது. ஒரே உயரமுடைய இருவருள் ஒருவருக்குக் கால்கள் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம். ஒருவருக்குப் பொருந்தும் வண்டி மற்றவருக்குப் பொருந்தாமற் போவது இதனாலேயே.

அளக்கும் முறை எளிதானது. வெறுங்காலுடன் சுவரில் முதுகு படும்படி நேராக நிற்க வேண்டும். பாதங்களுக்கிடையே ஒரு சாண் அளவு இடைவெளி இருக்கட்டும். தடித்த அட்டையுள்ள புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே வைத்து, அதன் ஓரம் சுவரில் படியுமாறு, ஆசனத்தில் அமர்ந்தால் ஏற்படும் அழுத்தம் உண்டாகும் வரை மேலே உயர்த்த வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கிருந்து நிலம் வரை அளக்க வேண்டும். இரண்டு முறை அளந்து பார்ப்பது நல்லது. பெண்களும் பெண் பிள்ளைகளும் கடையில் அளவு கொடுக்கத் தயங்குவது இயல்பே. வீட்டில் தாயோ சகோதரியோ அளந்து எண்ணை மாத்திரம் எழுதிக்கொடுத்தால் போதுமானது.

இந்த ஓர் எண்ணிலிருந்து இரண்டு விடயங்களைக் கணிக்கலாம். உட்கால் உயரத்தை 0.65 முதல் 0.67 வரையான எண்ணினால் பெருக்கினால், நேரான பார் வைத்த வண்டிக்கு ஏற்ற சட்டக அளவு கிடைக்கும். அதே உயரத்தை 0.883 இனால் பெருக்கினால், பெடல் அச்சின் மையத்திலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். இவை பந்தய ஓட்டக்காரரிடையே பிறந்த கணக்குகள். நாளாந்தப் பாவனைக்கு ஓரிரு சென்ரிமீற்றர் கூடிக் குறையலாம். எனினும் கண்மதிப்பை விட இவை எவ்வளவோ மேலானவை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒருவரின் உட்கால் உயரம் 76 சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். அவருக்குரிய சட்டகம் 49 முதல் 51 சென்ரிமீற்றர் வரை, அதாவது ஏறத்தாழ 20 அங்குலம். அவரது ஆசனம் அச்சிலிருந்து ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். இப்போது 24 அங்குலச் சட்டகம் ஒன்றை எடுத்துக்கொண்டால், குழாய் மாத்திரமே 61 சென்ரிமீற்றர். அதன் மேல் ஆசனத்தின் தடிப்புக்கும் ஸ்பிறிங்குக்கும் பிடிக்கும் குறைந்தது 8 சென்ரிமீற்றர் தேவை. மொத்தம் 69. எவ்வளவு தாழ்த்தினாலும் அவருக்கு ஆசனம் உயரமாகவே இருக்கும். இடுப்பை இடமும் வலமுமாக அசைத்தே அவர் மிதிக்க வேண்டும். 22 அங்குலச் சட்டகத்தில் ஆசனம் 64 சென்ரிமீற்றர் வரை இறங்குவதால் மிதிக்க முடியும். ஆனால் நிறுத்த முடியுமா என்பது வேறு கேள்வி.

பாருக்கு மேலே நின்று பார்த்தல்

அக்கேள்விக்கு விடை காணும் சோதனை இதுவாகும். வழக்கமாக அணியும் பாதணியுடன், ஆசனத்துக்கு முன்னால், பாரின் இரு பக்கமும் கால் வைத்து நிற்க வேண்டும். இரு பாதங்களும் முழுமையாக நிலத்தில் படிந்திருக்கும் நிலையில், உடலுக்கும் பாருக்கும் இடையே குறைந்தது 2 முதல் 5 சென்ரிமீற்றர் வரை இடைவெளி இருக்க வேண்டும். மணல் ஒழுங்கைகளிலும் குண்டும் குழியுமான வீதிகளிலும் ஓடுபவருக்கு இதைவிடக் கூடுதலான இடைவெளி நல்லது. இடைவெளியே இல்லையெனில் அந்த வண்டி அவருக்கு உரியதன்று. திடீரென நாயோ ஆடோ குறுக்கிடும்போது முன்னால் இறங்கும் ஒருவருக்கு இந்த இடைவெளியே காப்பாகும்.

28 அங்குலச் சில்லுடைய 22 அங்குலப் பார் வண்டிகளில், பாரின் உயரம் நிலத்திலிருந்து பெரும்பாலும் 80 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். 76 சென்ரிமீற்றர் உட்கால் உயரமுடையவர் அதன் மேலே இரு கால்களையும் ஊன்றி நிற்க இயலாது. எமது தந்தையரும் பாட்டனாரும் சந்தியில் நிற்கும்போது வண்டியைச் சரித்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றமைக்கும், சிறுவர்களாக இருந்தபோது பாருக்குக் கீழே காலை நுழைத்து ஓடப் பழகியமைக்கும் இதுவே காரணம். அதனை ஒரு திறமையாக நாம் போற்றி வந்துள்ளோம். உண்மையில் அது பொருந்தாத வண்டியுடன் செய்துகொண்ட சமரசமே. வாகனங்கள் அரிதாயிருந்த ஒழுங்கைகளில் அந்தச் சமரசம் செல்லுபடியானது. இன்றைய வீதிகளில் அது ஆபத்தானது.

பெண்களுக்கான சைக்கிள்களில் பார் தாழ்ந்திருப்பதால் இச்சோதனை பயன்படாது. எந்தச் சட்டகமும் பொருந்தியது போலவே தோன்றும். அவற்றில் ஆசன உயரத்தையும் ஹாண்டில் தொலைவையும் கொண்டே பொருத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும். சேலை, அபாயா, நீண்ட பாவாடை ஆகியவற்றுடன் ஓட்டுபவர்கள், செயினை முற்றாக மூடும் கவரும் பின்சில்லின் இரு பக்கமும் ஆடை சிக்காத வலையும் உள்ளனவா எனவும் பார்க்க வேண்டும். பாவித்த வண்டிகளில் முதலில் கழற்றி எறியப்படுபவை இவை இரண்டுமே. முதியவர்களும், பாரம் ஏற்றிச் செல்லும் ஆண்களும் தாழ்ந்த பார் வண்டியைத் தெரிவு செய்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. கரியரில் பெட்டி கட்டப்பட்டிருக்கும்போது காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. முன்னால் நுழைத்து ஏறுவதே பாதுகாப்பானது.

ஆசனத்தின் உயரம்

அடுத்த சோதனை ஆசனத்தில் அமர்ந்து செய்யப்படுவது. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் ஆசனத்தில் நேராக அமர்ந்து, ஒரு பெடலை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, குதிக்காலை அதன் மீது வைக்க வேண்டும். இடுப்புச் சரியாமல் கால் முற்றாக நீண்டிருந்தால் ஆசன உயரம் சரியானது. அதே நிலையில் முன்பாதத்தைப் பெடலில் வைக்கும்போது முழங்கால் சிறிதளவு மடங்கும். அந்த மடிப்பு 25 முதல் 35 பாகை வரை இருப்பதே உகந்தது.

இவ்விடத்தில் எம்மிடையே நிலவும் தவறான கருத்து ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. ஆசனத்தில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் முழுமையாக நிலத்தில் பட வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஓடப் பழகுபவர்களுக்கு அது தேவையே. ஆனால் பழகியவர் நாள்தோறும் அந்த உயரத்திலேயே ஓடினால் முழங்கால் பாதிக்கப்படும். கல்முனையில் எமக்குத் தெரிந்த மேசன் ஒருவர், வேலைக்குச் சென்றுவரும்போது முழங்கால் நோவதாகக் கூறி வந்தார். அவரது வண்டியைப் பார்த்த சைக்கிள் திருத்துநர், "நானா, வண்டியில பிழை இல்ல, சீற்றுத்தான் பதிஞ்சிருக்கு" எனக் கூறி, அதனை இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தார். சில வாரங்களில் நோவு குறைந்ததாக அவர் எம்மிடம் கூறினார். முழங்கால் நோவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். நோவு நீடித்தால் வைத்தியரையே நாட வேண்டும். எனினும் செலவில்லாத இந்தத் திருத்தத்தை முதலில் செய்து பார்ப்பதில் தவறில்லை.

ஆசனத்தை உயர்த்துவதற்கும் எல்லையுண்டு. ஆசனக் கம்பியில் பொறிக்கப்பட்டுள்ள எல்லைக்கோடு எப்போதும் குழாயினுள் மறைந்திருக்க வேண்டும். கோடு அழிந்திருந்தால், குறைந்தது ஆறரை சென்ரிமீற்றர் கம்பியாவது உள்ளே இருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதனை மீறினால் கம்பி வளையும், அல்லது குழாயின் வாய் வெடிக்கும். விற்பனைக்கு வந்த வண்டியில் கம்பி எல்லைக்கோட்டுக்கு மேல் உயர்த்தப்பட்டிருந்தால், முந்தைய உரிமையாளருக்கு அந்தச் சட்டகம் சிறிதாயிருந்தது என்பதையும், குழாயின் வாய் பலவீனமடைந்திருக்கலாம் என்பதையும் அது ஒருங்கே உணர்த்துகின்றது.

ஹாண்டில் எட்டுகின்றதா?

கால்களுக்குப் பொருந்தும் வண்டி கைகளுக்குப் பொருந்தாதிருக்கலாம். முழங்கையை ஆசனத்தின் முன் நுனியில் வைத்துக் கையை முன்னோக்கி நீட்டும்போது, விரல் நுனிகள் ஹாண்டிலைத் தொடுகின்றனவா எனப் பார்ப்பது எமது சைக்கிள் கடைகளிலும் அறியப்பட்ட பழைய முறை. இது துல்லியமானதன்று, எனினும் மிகப் பெரிய பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். இதைவிட நம்பகமானது ஓடிப் பார்ப்பதே. ஓடும்போது முழங்கைகள் சற்று மடிந்து, தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். கைகள் விறைத்து நீண்டிருந்தால் சட்டகம் நீளமானது. திருப்பும்போது முழங்கால் ஹாண்டிலில் முட்டினால் அது குட்டையானது.

சிறிய சட்டகங்களில் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெடல் முன்னோக்கி இருக்கும் நிலையில் ஹாண்டிலைத் திருப்பும்போது, பாதத்தின் நுனி முன்சில்லில் அல்லது மட்காட்டில் உரசலாம். மெதுவாகத் திரும்பும் சந்தர்ப்பங்களில் இது வீழ்த்திவிடும். அத்துடன் பிறேக் பிடியை விரல்களால் முழுமையாக இழுக்க முடிகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளின் கைகளுக்குப் பெரியவர்களின் பிறேக் பிடி எட்டுவதில்லை. பிடி எட்டாத பிறேக், இல்லாத பிறேக்குக்குச் சமமானது.

சிறிய பொருத்தமின்மைகளைத் திருத்தலாம். ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஹாண்டிலை, அதன் கம்பியிலுள்ள எல்லைக்கோட்டை மீறாமல் உயர்த்தலாம். ஓட்டுபவரை நோக்கி வளைந்த ஹாண்டிலைப் பொருத்தலாம். ஆனால் உயர்ந்துவிட்ட பாரைத் தாழ்த்த எந்தக் கருவியும் இல்லை. ஆகவே இரு அளவுகளுக்கிடையே தடுமாற்றம் ஏற்படுமாயின், சிறியதைத் தெரிவு செய்வதே அறிவுடைமை. சிறியதை ஓரளவுக்குப் பெரிதாக்கலாம். பெரியதைச் சிறிதாக்க முடியாது.

சட்டகம் நேரானதா?

அளவு பொருந்திய பின்னரே சட்டகத்தின் நலத்தை ஆராய வேண்டும். முன்னால் மோதிய வண்டியை அதன் ஹாண்டில் குழாய்க்குப் பின்புறம் காட்டிக்கொடுக்கும். மேற்பாரும் கீழ்க்குழாயும் அக்குழாயுடன் இணையும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கு அலைபோன்ற புடைப்போ, பூச்சில் குறுக்கு வெடிப்போ இருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே நல்லது. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, முன்சில்லைத் தாங்கும் போர்க் பின்னோக்கித் தள்ளப்பட்டிருந்தாலும் அது விபத்தின் அடையாளமே. பெடல் அச்சைச் சுற்றியும் ஆசனக் குழாயின் வாயிலும் வெடிப்புகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். வண்டியின் ஏனைய பகுதிகள் பழையனவாக இருக்க, ஓரிடத்தில் மாத்திரம் புதுப் பூச்சு இருந்தால், அதன் கீழே என்ன மறைக்கப்பட்டுள்ளது எனக் கேட்பதற்கு வாங்குபவருக்கு உரிமை உண்டு. கடற்கரைக் கிராமங்களில் ஓடிய வண்டிகளில் துரு வெளியே தெரியுமுன் உள்ளே பரவியிருக்கும். ஆசனக் கம்பியை வெளியே இழுத்துக் குழாயினுள் பார்த்தால் உண்மை புலப்படும்.

சட்டகம் முறுகியுள்ளதா என்பதை அறிய ஒரு நூல் போதும். நூலின் ஒரு முனையைப் பின்சில்லு பொருந்தியுள்ள இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன்னால் கொண்டு சென்று ஹாண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கத்தால் பின்னே கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். நூல் வேறெதிலும் முட்டாதவாறு பார்த்துக்கொண்டு, அதற்கும் ஆசனக் குழாய்க்கும் இடையிலான தூரத்தை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் சட்டகம் நேரானது. சில மில்லிமீற்றர்களுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்பகுதி ஒரு பக்கம் வளைந்துள்ளது.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வண்டிகளை விரும்புவோர் மேலும் ஒரு விடயத்தில் அவதானமாக இருக்க வேண்டும். அவை தாழ்ந்த பாரும் நிமிர்ந்த ஹாண்டிலும் கொண்டவை. எமது பாவனைக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் அவற்றுள் சிலவற்றின் சில்லு 27 அங்குலம். ரயரின் பக்கவாட்டில் 37-609 எனப் பொறிக்கப்பட்டிருந்தால், அதற்குரிய ரயர் எமது ஊர்க் கடையில் கிடைக்குமா என விசாரித்த பின்னரே வாங்க வேண்டும். எமக்குப் பழக்கமான 26 அங்குல, ஒன்றே மூன்றின் கீழ் எட்டு ரயரின் எண் 37-590. பார் வைத்த பழைய 28 அங்குல வண்டியின் எண் 40-635. பின்னால் வரும் மூன்றிலக்க எண் ஒன்றாக இருந்தாலன்றி ஒரு ரயர் மற்றைய றிம்மில் அமராது.

இறுதியாக, விலை பேசுமுன் குறைந்தது பத்து நிமிடங்களாவது ஓடிப் பார்க்க வேண்டும். விற்பவரிடமிருந்து பெயரும் திகதியும் சட்டகத்தின் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். அந்த இலக்கம் பெரும்பாலும் பெடல் அச்சின் கீழ்ப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அது அராவி அழிக்கப்பட்டிருந்தால், வண்டி எவ்வளவு பொருந்தினாலும் வாங்கலாகாது.

வளரும் பிள்ளைக்கு எது தேவை?

நாம் தொடங்கிய இடத்துக்கே மீள்வோம். வளரும் பிள்ளைக்குப் பெரிய சட்டகம் தேவையில்லை. உயர்த்தக்கூடிய ஆசனமே தேவை. இன்று ஆசனம் ஏறத்தாழ முற்றாகத் தாழ்ந்த நிலையில் பிள்ளைக்குப் பொருந்தும் சிறிய சட்டகம், தாழ்ந்த பார், நீளமான ஆசனக் கம்பி ஆகிய மூன்றும் அமைந்தால், கால் பத்து சென்ரிமீற்றர் வளரும் வரை அதே வண்டியைப் பாவிக்கலாம். ஆண்டுக்கு இரு முறை ஆசனத்தை உயர்த்திக் கொடுத்தால் போதும். அந்தத் தந்தை தேடிய சிக்கனம் இதிலேயே உள்ளது. பெரிய வண்டியை வாங்கிப் பிள்ளை வளரும் வரை அச்சத்துடன் காத்திருப்பதில் அன்று.

இவ்விடத்தில் தொலைவிலிருந்து பாடசாலைக்கு வரும் மாணவர்களுக்குத் துவிச்சக்கரவண்டிகளை அன்பளிப்புச் செய்யும் அமைப்புகளுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகின்றோம். உங்கள் உதவி பெறுமதியானது. அது எத்தனையோ பிள்ளைகளின் இடைவிலகலைத் தடுக்கின்றது. ஆனால் வரிசையாக நிறுத்தப்பட்ட ஒரே அளவான வண்டிகளை, ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கும் ஒருங்கே வழங்கும்போது, அவற்றுள் ஒரு பகுதி பொருந்தாமற் போவது தவிர்க்க முடியாதது. பொருந்தாத வண்டி சில நாட்களில் தமையனிடமோ தந்தையிடமோ சென்றுவிடும். பிள்ளை மீண்டும் நடந்தே செல்வாள்.

இதனைத் தடுக்கப் பெரும் செலவு தேவையில்லை. வண்டிகளைக் கொள்வனவு செய்யுமுன் பாடசாலையில் ஆசிரியை ஒருவர் ஓர் அளவு நாடாவுடன் அரை நாள் செலவிட்டுப் பெயருக்கு எதிரே உட்கால் உயரத்தைக் குறித்துக் கொடுத்தால், மூன்று அளவுகளில் வண்டிகளைத் தருவிக்கலாம். விழா மேடையில் நிழற்படம் எடுக்கும் நேரத்தைவிட இது சற்றுக் கூடுதலான நேரமாக இருக்கலாம். அதன் பயனோ பல ஆண்டுகளுக்கு நிலைக்கும்.

துவிச்சக்கரவண்டி ஏழைகளின் வாகனம் எனக் கூறப்படுவதுண்டு. அதனாலேயே அதனைத் தெரிவு செய்வதில் கூடுதலான கவனம் தேவை. வசதி படைத்தவர் தவறான வண்டியை வாங்கினால் வேறொன்றை வாங்குவார். கூலித் தொழிலாளியின் குடும்பம் சேமித்த பணத்தில் வாங்கும் வண்டி, அடுத்த பல ஆண்டுகளுக்கு அக்குடும்பத்தின் கால்களாக இருக்கப்போகின்றது. கடைக்குச் செல்லும் நாளில் பணத்துடன் ஓர் அளவு நாடாவையும், உட்கால் உயரம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியையும் எடுத்துச் செல்வோம். வண்டியின் விலையைக் கேட்குமுன் அதன் மீது ஆளை ஏற்றிப் பார்ப்போம். பிள்ளையின் கால் எட்டவில்லையெனில், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம்.